செலவைக் குறைங்க, ஆனா இந்த வரிசையில குறைங்க



நிலவரம் எப்படி இருக்குன்னு நான் புதுசா சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில டிசிஎஸ் மாதிரி ஒரு பெரிய கம்பெனியே சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போறதா அறிவிச்சுது. அடுத்த மாசமே அமெரிக்கா 50 சதவீத வரி போட, திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆர்டர் இல்லாம திண்டாடுச்சு. வேலை போகாதவங்களுக்கும் இன்கிரிமென்ட் சொல்லிக்கிற மாதிரி இல்லை. வாடகை மட்டும் வருஷா வருஷம் தவறாம ஏறுது.

இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் பட்ஜெட் போட உட்கார்றாங்க. நல்ல விஷயம். ஆனா ஒரு ஆடிட்டரா பல இளைஞர்களோட மாசக் கணக்கைப் பார்க்கிறப்போ எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. அவங்க முதல்ல வெட்டுறது எதுன்னு பாருங்க: ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம், பழம், பல் டாக்டர், அப்பாவோட வருடாந்திர செக்-அப். கடைசி வரைக்கும் வெட்டாம வெச்சிருக்கிறது எது? ஸ்விக்கி, மூணு ஓ.டி.டி., புது ஃபோன் இஎம்ஐ, வீக்எண்ட் அவுட்டிங்.

வெட்டுறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. வரிசைதான் தலைகீழா இருக்கு. கஷ்ட காலத்துல உடம்புக்கான செலவைக் கடைசியாதான் தொடணும். இதை நான் "ஆரோக்கியமே செல்வம்" ரகத்துல சொல்லலை, கணக்கு வழியாவே சொல்றேன்.

தள்ளிப்போட்டது எல்லாம் சேமிப்பு இல்லை

அக்கவுன்ட்ஸ்ல ஒரு அடிப்படை இருக்கு. இந்த வருஷம் பில் வரலைங்கிறதுக்காக அந்தச் செலவே இல்லைன்னு எழுதிட முடியாது. கட்ட வேண்டியது நிச்சயம்னா அதுக்கு இப்பவே ஒரு தொகையை ஒதுக்கிக் காட்டணும். இல்லைன்னா லாபம் பெருசா தெரியும், ஆனா அது பொய் லாபம்.

நம்ம வீட்டுக் கணக்குக்கும் இதே விதிதான். ஒரு மாசம் சினிமா போகலைன்னா 500 ரூபாய் மிச்சம். அது உண்மையான சேமிப்பு. பார்க்காத சினிமா அடுத்த வருஷம் வட்டியோட திரும்பி வராது. ஆனா பல்லுல ஒரு சின்ன சொத்தை இருக்கு, "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டீங்கன்னா அது சேமிப்பு இல்லை. இன்னைக்கு அடைச்சா ஆயிரம், ஆயிரத்தைந்நூறுல முடியும். வேர் வரைக்கும் போனப்புறம் ரூட் கேனால், அதுக்கு மேல கேப்னு எட்டாயிரம், பத்தாயிரம் ஆகும். இடத்துக்கு இடம் தொகை மாறும், ஆனா ஏறுற திசை மாறாது. நீங்க செஞ்சது உங்க உடம்புகிட்ட கடன் வாங்குனது. பேங்க் ஸ்டேட்மென்ட்ல அது தெரியாது, அவ்வளவுதான்.

அதனால எந்தச் செலவை வெட்டணும்னு முடிவு பண்றப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதை நான் இப்போ வெட்டுனா, இது பெருசாகித் திரும்பி வருமா?" வராதுன்னா தாராளமா வெட்டுங்க. வரும்னா அதுல கை வைக்காதீங்க. மலிவா எப்படிச் செய்யலாம்னு மட்டும் யோசிங்க.

பிரீமியத்தை நிறுத்துனா என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு ரொம்ப கசப்பான பதிலைத் தர்றது இன்சூரன்ஸ்தான்.

எங்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு பையன். வயசு 29, ஓ.எம்.ஆர்.ல வேலை. வேலை போனதும் பட்ஜெட் போட்டாரு. ரொம்ப ஒழுங்காத்தான் போட்டாரு. அப்பா அம்மாவுக்கு எடுத்திருந்த பாலிசிக்கு ரினியூவல் வந்துச்சு, 30,000 ரூபாய்க்கு மேல. "அடுத்த வேலை கிடைச்சதும் கட்டிக்கலாம்"னு விட்டுட்டாரு. வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் கிரேஸ் உண்டு, அதுவும் தாண்டிப் போச்சு. நாலு மாசத்துல வேலை கிடைச்சுது, புது பாலிசியும் எடுத்தாரு. அப்பாவுக்கு சுகர் இருக்கிறதால ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்பு காலம் முதல்லேர்ந்து ஆரம்பிச்சுது. பழைய பாலிசியில அது முடிஞ்சே போயிருந்துச்சு. புது பாலிசி எடுத்த ஒரே வருஷத்துல அப்பாவுக்கு கால் புண் பெருசாகி ஆஸ்பத்திரி. கிளெய்ம் இல்லை. பர்சனல் லோன்.

இதுல யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, விதி அப்படித்தான். நாம கவனிக்க வேண்டியது, அவர் மிச்சம் பண்ணுனது 30,000 ரூபாயை இல்லை. வருஷக்கணக்கா கட்டிச் சேர்த்த தொடர்ச்சியை விட்டுட்டாரு. ஹெல்த் பாலிசியில உண்மையான சொத்தே அந்தத் தொடர்ச்சிதான். 2024-லேர்ந்து இந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைச்சிருக்கு, முன்னாடி 4. அதே மாதிரி, 5 வருஷம் தொடர்ந்து கட்டிட்டா, மோசடின்னு நிரூபிச்சாலொழிய, "நீ அதைச் சொல்லலை, இதைச் சொல்லலை"ன்னு கிளெய்மை மறுக்க முடியாது. முன்னாடி இது 8 வருஷம். இவ்வளவு சலுகையும் விடாம கட்டுறவங்களுக்குத்தான்.

கையில காசு இல்லைன்னா வேற வழி இருக்கு. பிரீமியத்தை மாசத் தவணையா மாத்த முடியுமான்னு கேளுங்க. ரினியூவல் சமயத்துல கவர் தொகையைக் குறைச்சுக்க முடியுமான்னு கேளுங்க. பத்து லட்சம் அஞ்சு லட்சம் ஆனாலும் பரவாயில்லை, பாலிசி உயிரோட இருக்கணும்.

இன்னொரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்னாடி 18 சதவீதம் இருந்துச்சு.

"நான் நியூ ரெஜிம்ல இருக்கேன், 80டி கிடைக்காது, அப்புறம் எதுக்கு பாலிசி?"ன்னு கேட்கிற தம்பிங்க நிறைய. 80டி கழிவு பழைய முறையில மட்டும்தான்ங்கிறது உண்மை. ஆனா 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லாத இடத்துல கழிவு எதுக்கு? வரிக்காக இன்சூரன்ஸ் எடுத்த காலம் போச்சு. இப்போ ஆஸ்பத்திரிக்காக எடுங்க.

கம்பெனி பாலிசியை நம்பி இருக்கிறவங்களுக்கு

"ஆபீஸ்ல 3 லட்சம் கவர் இருக்கு சார்." இருக்கட்டும், நல்லதுதான். ஆனா அது வேலையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. வேலை போற மாசமே கவரும் போகும். அதாவது உங்களுக்கு ரொம்ப தேவைப்படுற நேரத்துலதான் அது இருக்காது. ரிலீவ் ஆகுறதுக்கு முன்னாடியே ஹெச்.ஆர்.கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கான்னு. ஒத்துக்கிட்டாங்கன்னா, ஏற்கெனவே கழிஞ்ச காத்திருப்பு காலம் உங்க கணக்குல வரும். கடைசி நாள் பிரியாணி பார்ட்டி முடிஞ்சப்புறம் கேட்டா பிரயோஜனம் இல்லை.

அடுத்தது ரூம் வாடகை வரம்பு. இதைப் பத்தி வீடியோல சொன்னப்போ நிறைய பேருக்குப் புரியலை, அதனால எண்ணோட எழுதுறேன்.

கவர் 3 லட்சம். ரூம் வாடகை வரம்பு அதுல 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. நீங்க எடுத்த ரூம் நாளைக்கு 6,000. நாலு நாள் தங்கினீங்க. பில் இப்படின்னு வெச்சுக்குவோம்:

ரூம்: 24,000
டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங்: 1,20,000
மருந்து, டெஸ்ட்: 96,000
மொத்தம்: 2,40,000

ரூம்ல 12,000 தானே நம்ம கையைக் கடிக்கும்னு நினைப்போம். அப்படி இல்லை. நீங்க தகுதிக்கு ரெண்டு மடங்கு ரூம் எடுத்ததால, டாக்டர், தியேட்டர் செலவும் அதே விகிதத்துல பாதியா வெட்டப்படும். 60,000 போச்சு. மருந்தும் டெஸ்டும் இந்த வெட்டுல வராது. ஆக, உங்க பாக்கெட்லேர்ந்து போறது 12,000 + 60,000 = 72,000 ரூபாய். சிங்கிள் ரூம், டிவி, ஜன்னல் வழியா ஒரு வேப்பமரம். இவ்வளவுக்குத்தான்.

அந்த 72,000-ஐ கிரெடிட் கார்டுல தேய்ச்சு, "மினிமம் டியூ" மட்டும் கட்டிக்கிட்டு வந்தா, மாசம் 3.5 சதவீதம்னு வெச்சாலும் முதல் மாசம் வட்டி மட்டும் 2,520. அதுக்கு மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. வேற. இந்த ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்க ஆகுற செலவு, பாலிசி பேப்பரைத் திறந்து படிக்கிற பத்து நிமிஷம்.

சம்பளம் 21,000-க்குள்ள இருக்கிற நண்பர்களுக்கு ஒரு தனி வார்த்தை. உங்க சம்பளத்துல 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறாங்க, முதலாளி 3.25 சதவீதம் போடுறாரு. இதுக்கு உங்களுக்கும், குடும்பத்துக்கும், உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் முழு மருத்துவம் உண்டு. உடம்பு சரியில்லாம வேலைக்குப் போக முடியலைன்னா, தேவையான நாள் சந்தா கட்டியிருந்தா, சம்பளத்துல 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். எத்தனை பேர் கார்டையே எடுத்துப் பார்த்ததில்லை தெரியுமா? "அங்க கூட்டமா இருக்கும்"னு சொல்லி, தெருமுனை கிளினிக்ல மாசாமாசம் காசு கொடுத்துக்கிட்டு இருக்காங்க. கே.கே. நகர்லயும் அயனாவரத்துலயும் இருக்கிற இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் உங்க காசுல ஓடுது. கூட்டத்துல நின்னாலும் உரிமையோட நில்லுங்க.

சாப்பாடு: இங்கதான் சிக்கனமும் ஆரோக்கியமும் கைகோக்குது

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு"ன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. டாக்டருக்குப் போற காசை எண்ணெய்க்காரருக்குக் கொடு, நல்லா சாப்பிடுன்னு அர்த்தம். இன்னைக்கு நாம வாணியனுக்கும் கொடுக்கிறதில்லை, டெலிவரி ஆப்புக்குக் கொடுக்கிறோம்.

சிக்கனம்னு சொல்லி நம்ம பசங்க ரெண்டு விதமா தப்பு பண்றாங்க. ஒண்ணு, பி.ஜி.ல ராத்திரி டீயும் பன்னும், இல்லைன்னா நூடுல்ஸ் பாக்கெட்டோட முடிச்சுக்கிறது. காசு மிச்சம்தான், ஆனா வயித்துல மாவும் உப்பும் மட்டும்தான் போகுது. இன்னொண்ணு, "ஹெல்த்தியா இருக்கணும்"னு சொல்லி அவகாடோ, ஓட்ஸ், கிரானோலா, புரோட்டீன் டப்பான்னு பர்ஸைக் காலி பண்றது. ரெண்டுக்கும் நடுவுல நம்ம ஊர் மளிகைக்கடை இருக்கிறது யாருக்கும் ஞாபகம் வரலை.

புரோட்டீன் கணக்கையே எடுத்துக்குவோம். முட்டை ஒண்ணு 7 ரூபாய்னு வெச்சா, ரெண்டு முட்டை 14 ரூபாய், சுமார் 12 கிராம் புரதம். வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 50 கிராம், அதுவும் கிட்டத்தட்ட 12 கிராம். கிலோ 200 ரூபாய்னாலும் 10 ரூபாய். ஆக 24 ரூபாய்க்கு சுமார் 24 கிராம். டப்பாவுல வர்ற பவுடர் பல பிராண்டுகள் கிலோ 2,500, 3,000-னு போகுது, ஒரு ஸ்கூப்புக்கு 80 ரூபாய்க்கு மேல விழும். பவுடர் கெட்டதுன்னு நான் சொல்லலை. வேலை எப்போ போகும்னு தெரியாத நேரத்துல அதே சத்துக்கு மூணு மடங்குக்கு மேல கொடுக்கணுமாங்கிறதுதான் கேள்வி.

மீன் சாப்பிடுறவங்க வஞ்சிரத்தை விட்டுட்டு மத்தி வாங்குங்க. விலை கம்மி, ஒமேகா-3 தாராளம். சைவம்னா சுண்டல், பாசிப்பயறு, தயிர், முருங்கைக்கீரை. காலையில ராகிக்கூழ், கம்பங்கூழ். ரேஷன் கார்டு இருந்தும் "நான் ஐ.டி.ல இருக்கேன், அங்க போய் எப்படி நிக்கிறது"ன்னு கூச்சப்படுறவங்களுக்கு: உங்க கார்டு வகைக்கு உண்டுன்னா, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு அங்கதான் கிடைக்கும். பருப்புக்கு உங்க டெசிக்னேஷன் தெரியாது. அதே மாதிரி அம்மா உணவகம். 2013-ல சென்னையில ஆரம்பிச்சுது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மாசக் கடைசியில ரெண்டு நாள் அங்க சாப்பிட்டா கௌரவம் குறையாது. கார்டுல கடன் வாங்கி பர்கர் சாப்பிட்டாத்தான் குறையும்.

சமைக்கத் தெரியாதுன்னு சொல்லாதீங்க. பி.ஜி.ல அனுமதி இருந்தா ஒரு சின்ன ரைஸ் குக்கர் போதும். அரிசி, பாசிப்பருப்பு, கிடைக்கிற காய், உப்பு, மஞ்சள் எல்லாம் ஒண்ணா போட்டா 25 நிமிஷத்துல சாப்பாடு. டெலிவரி பையன் சிக்னல்ல நிக்கிற நேரம்தான்.

நடக்கிறதுக்கு காசு கிடையாது

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது, வாரம் 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி குறைந்தபட்சம் வேணும்னு. அஞ்சு நாள், நாளைக்கு அரை மணி நேர வேக நடை. இதுக்கு வருஷ மெம்பர்ஷிப் தேவையில்லை. ஜனவரியில 12,000 கட்டி மார்ச்ல நின்னுபோன ஜிம் கணக்கை எத்தனை ஸ்டேட்மென்ட்ல பார்த்திருக்கேன்! தினம் போறவங்க தாராளமா கட்டுங்க. போகாதவங்க மாநகராட்சிப் பூங்காவுக்குப் போங்க. இல்லைன்னா ரெண்டு ஸ்டாப் முன்னாடி பஸ்ஸை விட்டு இறங்கி நடங்க.

தூக்கத்தைப் பத்தி எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து இருக்கு. எங்களை மாதிரி ஃபைனான்ஸ் சேனல்கள் எல்லாம் "சைடு இன்கம், சைடு இன்கம்"னு கத்திக்கிட்டே இருக்கோம். பகல்ல ஷிஃப்ட், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃப்ரீலான்ஸ்னு ஓடுறவங்களைப் பார்த்து கைதட்டுறோம். நான் கைதட்ட மாட்டேன். தூக்கத்தை வித்து வர்ற 8,000 ரூபாய் வருமானம் இல்லை, அது மூலதனத்தை எடுத்துச் சாப்பிடுறது. 25 வயசுல தெரியாது. 35-ல பிரஷர் மாத்திரையோட தெரியும். வார இறுதியில நாலு மணி நேரம் கிடைக்குதா, பண்ணுங்க. தூங்குற நேரத்தைத் தொடாதீங்க.

சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு நான் அட்வைஸ் பண்ணலை, பெருக்கல் மட்டும் போட்டுக் காட்டுறேன். ஒண்ணு 20 ரூபாய்னு வெச்சு நாளைக்கு அஞ்சு. மாசம் 3,000, வருஷம் 36,000. இதுல பெரும்பாலானவங்க சொந்தமா ஒரு நல்ல ஹெல்த் பாலிசி எடுத்து, மீதியில அப்பா அம்மா பிரீமியத்துல ஒரு பங்கும் போட்டுடலாம். டெர்ம் இன்சூரன்ஸ்லயும் புகைப்பிடிக்கிறவங்களுக்குப் பிரீமியம் கூடுதல்.

டெஸ்ட், மாத்திரை: மலிவுன்னா மட்டம் இல்லை

இந்தியா முழுக்க எடுத்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023-ல வெளிவந்துச்சு. நாட்டுல 10 கோடிக்கும் மேல சர்க்கரை நோயாளிகள், எல்லைக்கோட்டுல நிக்கிறவங்க 13 கோடிக்கும் மேலன்னு சொல்லுது. எல்லைக்கோட்டுல இருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்.

அதுக்காக "82 டெஸ்ட், இன்னைக்கு மட்டும் 70 சதவீதம் தள்ளுபடி"ன்னு வர்ற மெசேஜுக்கு ஓடாதீங்க. உங்க வயசுக்கும் குடும்ப வரலாறுக்கும் எது தேவைன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பெரும்பாலும் பிரஷர், சுகர், கொழுப்புன்னு சின்ன லிஸ்ட்தான் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷரும் சுகரும் காசில்லாமலே பார்ப்பாங்க. ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. அவங்க பேர் அதுல இருக்கான்னு இன்னைக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க.

மாத்திரையைப் பொறுத்தவரைக்கும் ஒரே விதி: டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க, ஆனா கடையை மாத்துங்க. மருந்தோட மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. மத்திய அரசோட மக்கள் மருந்தகத்துலயும், 2025 பிப்ரவரியில 1,000 இடங்கள்ல திறந்த முதல்வர் மருந்தகத்துலயும் அதே மருந்து பிராண்டை விட ரொம்ப குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும். பல மருந்துகள்ல பாதி விலைக்கும் கீழ. அப்பாவுக்கு மாசம் 2,400 ரூபாய் மருந்துன்னா பாதியானாலே வருஷத்துக்கு 14,400 ரூபாய் மிச்சம். இதுதான் நான் சொல்ற சிக்கனம். மருந்தும் நிக்கலை, காசும் மிச்சம்.

பெரிய வைத்தியம்னா பிரைவேட் மட்டும்தான்ங்கிற எண்ணமும் கொஞ்சம் மாறணும். பல் பிரச்சினையா? சென்னையில பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. கிண்டியில 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை இருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 5 லட்சம் வரைக்கும் உண்டு. உங்களுக்குப் பொருந்தாம இருக்கலாம். உங்க வீட்டுல வேலை செய்யிற அக்காவுக்கோ, ஊர்ல இருக்கிற சித்தப்பாவுக்கோ பொருந்தும். சொல்லுங்க.

மனசும் உடம்புதான். வேலை போயி மூணு மாசம் ஆன ஒருத்தருக்கு லிங்க்ட்இன் திறந்தாலே நெஞ்சு படபடக்கும். பேச ஆள் வேணும்னா 14416, டெலிமானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

சரி, கணக்கு தேறுமா?

"இதெல்லாம் கேட்க நல்லா இருக்கு, காசு எங்கேர்ந்து வரும்?" நியாயமான கேள்வி. கையில 45,000 வாங்குற ஒரு பேச்சிலரை வெச்சு ஒரு மாதிரிக் கணக்கு போடுறேன். உங்க எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க.

வெட்டுறது:
1. சாப்பாடு ஆர்டர் மாசம் 12 தடவை, 280 ரூபாய் வீதம். அதை 4 ஆக்குங்க: மிச்சம் 2,240
2. ஓ.டி.டி. மூணுல ஒண்ணு மட்டும்: மிச்சம் 500
3. கேப், பைக் டாக்ஸியில பாதிக்கு மேல பஸ், மெட்ரோ: மிச்சம் 1,000
4. வீக்எண்ட் அவுட்டிங் ஒண்ணு குறைவு: மிச்சம் 1,000

மொத்தம் 4,740.

சேர்க்கிறது:
1. சொந்த ஹெல்த் பாலிசி, மாசக் கணக்குல தோராயமா: 800
2. முட்டை, பழம், கடலை: 1,000
3. மருத்துவத்துக்குன்னு தனி சேமிப்பு: 1,500

மொத்தம் 3,300. மீதி 1,440 இன்னும் கையில இருக்கு.

அந்த மூணாவது வரி ரொம்ப முக்கியம். ஆறு மாச அவசர நிதி சேர்க்கச் சொல்லி எல்லாரும் சொல்றாங்க, அது சேர வருஷக்கணக்காகும். அதுக்குள்ள முதல்ல ஒரு 50,000 ரூபாயை மருத்துவத்துக்குன்னு தனியா ஒரு அக்கவுன்ட்ல வைங்க. மாசம் 1,500 போட்டா வருஷம் 18,000, மூணு வருஷத்துக்குள்ள வந்துடும். அட்மிஷன் அட்வான்ஸ், பாலிசியில வராத கையுறை, சிரிஞ்ச், ஆட்டோ காசு எல்லாம் இதுலேர்ந்து போகும். இது இல்லாதப்போதான் கார்டு வெளியே வருது. கார்டு வெளியே வந்தப்புறம் என்ன ஆகும்னு மேலே வட்டிக் கணக்குல பார்த்தாச்சு.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். 15,000 சம்பளத்துல குடும்பத்தையே தாங்குறவங்களுக்கு இந்த டேபிள் பொருந்தாது. அவங்ககிட்ட வெட்டுறதுக்கு ஓ.டி.டி.யே கிடையாது. அவங்களுக்கு இ.எஸ்.ஐ.யும், ரேஷனும், அரசு ஆஸ்பத்திரியும்தான் பட்ஜெட். அதனாலதான் அதையெல்லாம் "ஏழைங்களுக்கானது"ன்னு நாம ஒதுக்கிப் பேசக்கூடாது. நடுத்தர வர்க்கமும் போய் நின்னு கேள்வி கேட்டாத்தான் அந்த இடங்களோட தரம் உயரும்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. தியான ஆப்புக்கு இலவச சந்தா கொடுத்துட்டு ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங் போடுறது வெல்னஸ் இல்லை. அந்த ஆப் காசுல ஊழியர் கவரை 3 லட்சத்துலேர்ந்து 5 லட்சம் ஆக்குங்க. உங்க ஆபீஸ்ல ஹெச்.ஆர். "சஜஷன் இருக்கா?"ன்னு அடுத்த தடவை கேட்டா, ஊழியர்களான நீங்க இதைச் சொல்லலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. நாலே வேலை. கம்பெனி பாலிசி பேப்பரைத் திறந்து ரூம் வாடகை வரம்பு எவ்வளவுன்னு பாருங்க. அப்பா அம்மா பாலிசி ரினியூவல் தேதியை, ஒரு மாசம் முன்னாடி அடிக்கிற மாதிரி ஃபோன்ல அலாரம் வைங்க. அவங்க மாத்திரை அட்டையை வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்பச் சொல்லி, முதல்வர் மருந்தகத்துல விலை கேளுங்க. கடைசியா, ரொம்ப நாளா தள்ளிப்போடுற அந்தப் பல்லுக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க.

நாலும் முடிஞ்சப்புறம் வேணும்னா ஒரு பிரியாணி ஆர்டர் பண்ணிக்கோங்க. நாலுல ஒண்ணுதானே, கணக்குல இடம் இருக்கு.